வேண்டும் என்றாரா, வேண்டாம் என்றாரா?



வானொலி கேட்போர் அனைவரும் அறிந்த ஒரு சின்னத் தொல்லையைப் பற்றி இன்று எழுத விழைகிறேன். செய்தி வாசிப்பவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். திடீரெனக் குரல் தேயும். 'உஸ்'ஸென்று இரைச்சல் எழும். ஓரிரு நொடிகளில் குரல் மீண்டும் வரும். அந்த ஓரிரு நொடிகளில் அவர் சொன்னது காற்றோடு போயிருக்கும். பாட்டாக இருந்தால் கவலையில்லை. விட்ட இடத்தை நம் வாயே பாடி நிரப்பிவிடும். செய்தியாகவோ அறிவிப்பாகவோ இருந்தால்தான் சிக்கல்.

இணையமும் கைப்பேசியும் வந்துவிட்ட பின்னர் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டில் தொலைக்காட்சியின் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது உண்மைதான். ஆனால், வானொலி இன்றும் பண்பலையில், அதே பழைய அனலாக் முறையில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. காலையில் மகிழுந்தில் பள்ளிக்கு வரும்போது மின்னல் பண்பலையையோ ராகாவையோ கேட்காத தமிழாசிரியர் நம்மில் எத்தனை பேர்? அந்தக் குரல் அறுந்து அறுந்து வருவதற்குக் காரணம் என்ன? அதைவிட முக்கியமாக, கேட்டல் திறனைக் கற்பிக்கும் நமக்கு அதில் என்ன பாடம் இருக்கிறது? இவ்விரண்டையும் பார்ப்போம்.

முதலில் பண்பலை. இவ்வலைகள் ஏறக்குறைய 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில் செல்பவை. ஒளியைப் போலப் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்லும் இயல்புடையவை. ஆகவேதான் ஒலிபரப்புக் கோபுரங்களை மலையுச்சிகளில் நிறுவுகிறார்கள். ஈப்போவுக்கு அருகிலுள்ள கிளேடாங் மலையில், கெந்திங் பக்கமுள்ள உலு காலி மலையில், கெடாவின் ஜெராய் மலையில், ஜொகூரின் லேடாங் மலையில் எல்லாம் கோபுரங்கள் நிற்பதற்கு இதுவே காரணம். கோபுரத்துக்கும் நம் மகிழுந்துக்கும் நடுவே ஒரு குன்று வந்துவிட்டால் குரல் தேயும். ஈப்போவிலிருந்து கோலகங்சார் செல்லும் வழியில் மெனோரா சுரங்கப்பாதை வருகிறதல்லவா? ஏறக்குறைய 800 மீட்டர் நீளம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அரை நிமிடத்துக்கும் சற்று மேலாக நாம் மலையின் வயிற்றுக்குள் இருக்கிறோம். மலையைத் துளைத்துக்கொண்டு அலை வர முடியாது.

சுரங்கப்பாதை இல்லாத இடத்திலும் குரல் படபடவென்று துடிப்பதுண்டு. அதற்குக் காரணம் வேறு. கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையோடு, மலையிலும் கட்டடத்திலும் பட்டுத் திரும்பிய அலைகளும் நம் வானொலியை வந்தடைகின்றன. இரண்டும் ஒத்திசைந்த இடத்தில் ஒலி வலுக்கும். ஒன்றையொன்று எதிர்த்த இடத்தில் ஒலி தேயும். கோலாலம்பூர் வட்டாரத்தில் மின்னல் ஒலிக்கும் 96.3 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டருக்குச் சற்று அதிகம். எனவே ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு ஓரிடம் என்ற கணக்கில்கூட அலை தேயும் புள்ளிகள் அமையலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மகிழுந்து ஒரு நொடியில் 25 மீட்டரைக் கடக்கிறது. அப்படியானால், ஒரு நொடிக்குள் பதினாறு முறைகூடக் குரல் தேய்ந்து எழ வாய்ப்புண்டு. வேலிக்கம்புகளுக்கு அப்பால் நிற்கும் ஒருவரை ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பது போன்றது இது.

சாலை விளக்கில் சிவப்பு விழுந்து வண்டி நிற்கும்போது சில வேளைகளில் வானொலி வெறும் இரைச்சலாகிவிடும். நாம் அந்தத் தேயும் புள்ளியில் சரியாக நின்றுவிட்டோம் என்பதே பொருள். வண்டியை ஓரடி முன்னே நகர்த்திப் பாருங்கள், குரல் திரும்பிவிடும். வானொலியைப் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டியதில்லை!

மத்திய அலையின் கதை வேறு. இப்போதைய பிள்ளைகள் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். நான் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்தில் ஓர் இரப்பர் தோட்டம். எண்பதுகளின் இறுதியில் எங்கள் லயத்து வீட்டில் மின்கலத்தால் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போய்வரும் என் அப்பாவுக்கு இரவுச் செய்தி கேட்காவிட்டால் உறக்கம் வராது. பகலில் தெளிவாகக் கேட்கும் அதே நிலையம், இரவானால் அலைபோல் எழும், விழும். சில நேரம் வேற்று மொழி நிலையம் ஒன்று உள்ளே புகுந்து பேசும். "ராத்திரியானா இதுக்கும் தூக்கம் வருது" என்பார் அப்பா.

உண்மையில் இரவில்தான் அந்த அலைகள் விழித்துக்கொள்கின்றன. பூமிக்கு மேலே அயனிமண்டலம் என்று ஒன்றுண்டு. அதன் அடியடுக்கு ஏறக்குறைய 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது. பகலில் வெயிலால் உருவாகும் அந்த அடுக்கு, வான்நோக்கிச் செல்லும் மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். அதனால் நிலத்தையொட்டி வரும் அலை மட்டுமே நம்மை வந்தடையும். இரவில் அந்த அடுக்கு மறைந்துவிட, வான்நோக்கிச் சென்ற அலை மேலடுக்குகளில் பட்டுத் திரும்பி வருகிறது. நிலத்தின் வழி வந்ததும் வானத்தின் வழி வந்ததும் சந்திக்கும் இடத்தில்தான் அந்த ஏற்ற இறக்கம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையங்கள் உள்ளே நுழைவதும் இதே வழியில்தான்.

இந்தத் தொல்லையை வைத்தே ஒரு பெரிய உண்மை கண்டறியப்பட்டது என்பதை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வருகிறேன். இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்ட் ஆப்பிள்டன் என்னும் அறிவியலாளர், வானொலி அலை பகலில் நிலையாகவும் இரவில் ஏறி இறங்கியும் வருவதைக் கவனித்தார். 1924ஆம் ஆண்டு திசம்பரில் தம் மாணவரோடு சேர்ந்து, பிபிசியின் போர்ன்மவுத் நிலைய ஒலிபரப்பியைப் பயன்படுத்தி ஒரு சோதனை செய்தார். அலைவரிசையைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, குரல் எத்தனை முறை தேய்ந்து எழுகிறது என்று ஆக்ஸ்போர்டில் இருந்தபடி கணக்கிட்டார். அலையைத் திருப்பி அனுப்பும் அடுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது அதன்மூலம் தெரியவந்தது. 1947ஆம் ஆண்டில் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 'கோளாறு' என்று எல்லாரும் தலையில் தட்டிக்கொண்டிருந்த ஒன்றை அவர் குறித்து வைத்துக்கொண்டு எண்ணினார். அவ்வளவுதான். ஆசிரியராகிய நமக்கு இது மிகவும் தேவையான குணம் என்று கருதுகிறேன். ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இனி, தமிழுக்கு வருவோம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மழைக்காலத்தில் நடந்ததை மறக்க முடியாது. இரவுச் செய்தியில் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிவிப்பு வந்தது. "வெள்ளம் காரணமாகப் பள்ளிகள் நாளை வழக்கம்போல் இயங்..." அவ்வளவுதான், குரல் இரைச்சலில் மூழ்கிவிட்டது. இயங்குமா, இயங்காதா? பெற்றவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். பிள்ளைகள் அனைவருக்கும் 'இயங்காது' என்றே கேட்டிருந்தது! மளிகைக்கடைக்காரரின் வானொலியில் தெளிவாகக் கேட்டிருக்கும் என்று ஒருவர் குடை பிடித்துக்கொண்டு ஓடினார். அவரும் கடையில் அந்நேரம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாராம். மறுநாள் பாதிப் பிள்ளைகள் சீருடையோடும் பாதிப் பிள்ளைகள் போர்வையோடும் இருந்தார்கள்.

அன்று சிரித்த அந்தச் செய்தி, பிற்காலத்தில் தமிழ் கற்பிக்கத் தொடங்கிய பின் என்னைச் சிந்திக்க வைத்தது. தமிழ் வாக்கியத்தின் உயிர் அதன் கடைசியில் இருக்கிறது. யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா என்பதெல்லாம் வினைமுற்றில் வந்து குடியேறுகின்றன. 'யார்' என்பது விடுபட்டால் கவலையில்லை. 'அவர்கள்' என்று முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறோம். 'வந்தார்கள்' என்று கடைசியில் இன்னொரு முறை சொல்கிறோம். ஒன்று காற்றில் போனாலும் மற்றொன்று காப்பாற்றும். ஆனால் 'உண்டா, இல்லையா' என்பதற்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லை. வரும், வராது, முடியும், முடியாது, வேண்டும், வேண்டாம். கடைசியில் வரும் ஓரசை, ஈரசைதான் வேறுபாடு. அந்த அசை விடுபட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

நம் பிள்ளைகள் கற்கும் மற்ற மொழிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலாயில் 'ஜாங்ஙான்' என்று சொல்லிவிட்டுத்தான் வினைச்சொல்லைச் சொல்வார்கள். ஆங்கிலத்திலும் 'டோன்ட்' முதலில் வந்துவிடும். காதை நிமிர்த்திவிட்டுச் செய்தியைச் சொல்லும் முறை அது. தமிழில் செய்தி முழுவதையும் சொல்லி முடித்த பின்னரே 'வேண்டாம்' என்கிறோம். அதிலும், பேசும்போது வாக்கியத்தின் இறுதியை நெருங்க நெருங்க நம் மூச்சும் குரலும் தாழ்ந்துவிடுகின்றன. மிக முக்கியமான அசையை மிக மெல்லிய குரலில் சொல்கிறோம்!

இது ஏட்டுச் சிந்தனை என்று நினைக்க வேண்டாம். 2021 திசம்பர் 18ஆம் நாள் சிலாங்கூரில் பெருவெள்ளம் வந்தது நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். என் தங்கையின் குடும்பம் அப்போது ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்தது. கீழ்த்தளம் முழுக்க நீர். மின்சாரம் இல்லை. கைப்பேசியின் மின்கலம் அன்றிரவே தீர்ந்துவிட்டது. மாடியறையில் இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் இருந்தவளுக்கு உலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு, மாமியார் பக்திப் பாடல் கேட்கும் சின்ன வானொலிப் பெட்டிதான். அதுவும் மழையிலும் இருளிலும் விட்டு விட்டுத்தான் கேட்டது. "அக்கா, ஒவ்வொரு தடவையும் கடைசி வார்த்தைதான் போயிடுது. வெளியே வரணும்னு சொல்றாங்களா, வரக் கூடாதுன்னு சொல்றாங்களான்னு தெரியாம ரெண்டு பேரும் பெட்டியில காதை வச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்" என்று பின்னர்ச் சொன்னாள். மறுநாள் மாலை படகில் வந்தவர்கள் அவர்களை அழைத்துச் சென்றார்கள். நல்ல வேளையாக அனைவரும் நலம்.

அவள் சொன்னதைக் கேட்டபின் ஒன்று புரிந்தது. ஆபத்து வேளையில் 'வெளியேற வேண்டாம்' என்பதைவிட 'வெளியேறாதீர்கள்' என்பது பாதுகாப்பான தமிழ். 'வெளியேறுங்கள்', 'வெளியேறாதீர்கள்' என்னும் இரண்டையும் பாருங்கள். சொல்லின் நடுவிலேயே பிரிந்துவிடுகின்றன, நீளத்திலும் வேறுபடுகின்றன. பாதி விடுபட்டாலும் மீதி சொல்லிவிடும். 'யாரும் ஒருபோதும்' என்று தொடங்கினால் இன்னும் நல்லது. எதிர்மறை வரப்போகிறது என்று முன்கூட்டியே மணியடித்துவிடும். செய்தியின் முடிவில் தலைப்புச் செய்திகளை மீண்டும் வாசிக்கிறார்களே, அதுவும் இப்படிப்பட்ட ஒரு காப்புத்தான். வகுப்பறையில் நாம் கொடுக்கும் கட்டளைகளுக்கும் இது பொருந்தும். நாற்பது காலணிகள் தரையைத் தேய்க்கும் ஓசைக்கு நடுவே, "கேள்வி ஐந்தைச் செய்ய வேண்டாம்" என்று நாம் சொல்கிறோம். பிள்ளைகளில் பாதிப் பேர் ஐந்தாம் கேள்வியைச் செய்துவிட்டு வந்து நிற்பதில் வியப்பென்ன?

விடுபட்டதை நம் மூளை எப்படி நிரப்புகிறது என்பதைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 1970ஆம் ஆண்டில் ரிச்சர்ட் வாரன் என்னும் அமெரிக்க உளவியலாளர், பதிவு செய்யப்பட்ட ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த ஒலியும் விடுபட்டதாக உணரவில்லை. இல்லாத ஒலியைக் கேட்டதாகவே எண்ணினர். ஆனால், அதே இடத்தை வெறும் அமைதியாக விட்டபோது, ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதைக் கண்டுகொண்டனர். அப்பா அந்த இரைச்சலுக்கு நடுவே செய்தியை முழுமையாகப் புரிந்துகொண்டதன் மருமம் இதுதான் போலும்!

ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மொழி நன்கு தெரிந்தவரால்தான் விடுபட்டதை நிரப்ப முடியும். வீட்டில் தமிழைப் பேசிக் கேட்டு வளர்ந்த பிள்ளை, 'மழை பெய்து...' என்று கேட்டதுமே 'கொண்டிருக்கிறது' என்பதைத் தானே நிரப்பிக்கொள்ளும். வீட்டில் ஆங்கிலமே பேசிவிட்டுத் தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளையால் அது முடியாது. அதே வகுப்பு, அதே இரைச்சல், அதே ஆசிரியர். ஆனால் ஒரு பிள்ளைக்கு முழு வாக்கியம் கிடைக்கிறது, இன்னொரு பிள்ளைக்கு ஓட்டை விழுந்த வாக்கியம் கிடைக்கிறது. அப்பிள்ளையைக் 'கவனமில்லாதவன்' என்று சொல்வது பொருந்துமா?

இலக்கமுறை ஒலிபரப்பு வந்தால் இத்தொல்லை தீர்ந்துவிடும் என்பார்கள். சிங்கப்பூரில் 1999ஆம் ஆண்டில் இலக்கமுறை வானொலியைத் தொடங்கி 2011ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டார்கள். நார்வே நாடு 2017ஆம் ஆண்டில் தேசிய நிலையங்களைப் பண்பலையிலிருந்து இலக்கமுறைக்கு முழுமையாக மாற்றியது. அம்முறையில் ஒலி தூய்மையாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால், அலை ஓரளவுக்குக் கீழே குறைந்துவிட்டால் குரல் தேய்வதில்லை, ஒரேயடியாக நின்றுவிடுகிறது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடத்தினோமே, அப்போது நாம் அனைவரும் அதைப் பட்டறிந்தோம். இணைய வழிப் பேச்சில் இன்னொன்றும் நடக்கிறது. சிறு துண்டு ஒலி வராமல் போனால், முன்பு வந்த ஒலியைக் கொண்டு மென்பொருளே அந்த இடத்தை ஒப்பேற்றி நிரப்பிவிடும். கேட்பவருக்கு ஒன்று விடுபட்டதே தெரியாது. பழைய வானொலியின் இரைச்சல், "இங்கே ஒன்று விடுபட்டிருக்கிறது" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டது. புதிய கருவி அதை மூடி மறைத்துவிடுகிறது.

மூடி மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. இங்கேதான் நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

2018ஆம் ஆண்டில் என்னிடம் இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். அமைதியானவன். எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். "புரிந்ததா?" என்றால், "புரிஞ்சது டீச்சர்" என்பான். 'சொல்பேச்சுக் கேளாதவன்' என்ற பெயர் அவனுக்கு முன்பே வந்திருந்தது. சொல்வதெழுதுதலில் ஒரு வாரம் பத்துக்குப் பத்து எடுப்பான். அடுத்த வாரம் மூன்று எடுப்பான். சோம்பல் என்றால் எல்லா வாரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே? ஆப்பிள்டன் செய்ததைப் போல நானும் குறித்து வைக்கத் தொடங்கினேன். எந்த நாள், எந்தச் சொல், எந்த இடம். ஆறு வாரங்களில் ஒரு முறை தென்பட்டது. அவன் விட்டவை பெரும்பாலும் சொற்களின் இறுதிகள். 'வந்தாள்' 'வந்தா' ஆகியிருந்தது. 'வேண்டாம்' 'வேண்டும்' ஆகியிருந்தது. மதிப்பெண் குறைந்த வாரங்களிலெல்லாம் அவனுக்குச் சளி இருந்தது.

தாயாரை அழைத்துப் பேசினேன். தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். தூக்கக் கண்களோடு வந்து உட்கார்ந்தார். "வீட்லயும் அப்படித்தான் டீச்சர். டி.வி. சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைப்பான். கூப்பிட்டா ஒரு நேரம் திரும்புவான், ஒரு நேரம் திரும்பமாட்டான். திமிருதான்" என்றார். குறித்து வைத்திருந்த தாளை அவர் முன் வைத்தேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே மகனை மருந்தகத்துக்கும், அங்கிருந்து பெரிய மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கும் அழைத்துச் சென்றார். இரு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது.

சிறு பிள்ளைகளிடையே இது பரவலாகக் காணப்படும் ஒன்று. சளி பிடித்தபின் நடுச்செவியில் நீர் தங்கிவிடும். வலி இருக்காது; அதனால் பிள்ளை முறையிடாது. நீர் கூடும் நாளில் கேட்கும் திறன் குறையும், வடியும் நாளில் திரும்பி வரும். பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானாகவே சரியாகிவிடும். ஆகவே மருத்துவர்கள் முதலில் பொறுத்திருந்து பார்ப்பார்கள். நீடித்தால், செவிப்பறையில் மிகச் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தும் சிகிச்சையும் உண்டு. அம்மாணவனுக்கு அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை. அவனை முன்வரிசையில், மின்விசிறியின் இரைச்சலுக்கு எட்டாத இடத்தில் அமர்த்தினேன். அவன் முகத்தைப் பார்த்த பின்னரே கட்டளைகளைச் சொன்னேன். ஆண்டிறுதிக்குள் நிலைமை சீரடைந்தது.

அவன் தாயார் பின்னொரு நாள் சொன்னதுதான் இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது. "அவனுக்குக் கேட்கலைன்னு தெரியாம ரோத்தானை எடுத்திருக்கேன் டீச்சர். அடி வாங்கும்போதுகூட, என்னத்துக்கு அடிக்கிறேன்னு புரியாத மாதிரிப் பார்ப்பான்." நான் என்ன விடை சொல்வது? தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவரும் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

நம் வீடுகளில் ஒருமுறை சொன்னதை மறுமுறை கேட்டால், "காதில் என்ன பஞ்சா வைத்திருக்கிறாய்?" என்று சீறுகிறோம். அந்தச் சீற்றத்துக்கு அஞ்சித்தான் பிள்ளைகள் தலையாட்டக் கற்றுக்கொள்கிறார்கள். விடுபட்ட இடத்தைத் தாமே ஏதோ ஒன்றை வைத்து நிரப்பிக்கொண்டு, கேட்டதைப் போல நிற்கிறார்கள். பாடத்திட்டத்தில் கேட்டலையும் பேச்சையும் முதலில் வைத்திருக்கிறோம். வள்ளுவரும் கேள்விக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து, அதை 42ஆவதாக வைத்தார். ஆனால், 'கேட்கவில்லை' என்று சொல்வதற்கு நாம் எந்தப் பிள்ளைக்கும் கற்பிப்பதில்லை.

ஆகவே, என் வகுப்பில் சில ஆண்டுகளாக ஒரு பயிற்சியைச் செய்து வருகிறேன். ஒரு சிறு செய்தியை நானே வாசித்துப் பதிவு செய்வேன். இடையிடையே சில இடங்களில் பழைய வானொலி இரைச்சலைச் சேர்த்துவிடுவேன். மாணவர்கள் கேட்டுவிட்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். எது தெளிவாகக் கேட்டது? எது விடுபட்டாலும் ஊகிக்க முடிந்தது? எதை ஊகிக்கக் கூடாது, கட்டாயம் திரும்பக் கேட்க வேண்டும்? மூன்றாவதுதான் முக்கியம். எண்கள், பெயர்கள், நேரம், வேண்டும் வேண்டாம் ஆகியவை ஊகிக்கக் கூடாதவை என்பதைப் பிள்ளைகளே இரண்டு மூன்று பயிற்சிகளில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிறகு, "விடுபட்டது டீச்சர், மீண்டும் சொல்லுங்கள்" என்று கை உயர்த்திக் கேட்கப் பழக்குகிறேன். அப்படிக் கேட்கும் பிள்ளைக்கு வகுப்பில் ஒரு பாராட்டும் உண்டு. தொடக்கத்தில் சிலர் வேண்டுமென்றே கேட்டு விளையாடுவார்கள். இரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மோசமாகவும் செய்யும் பிள்ளை இருந்தால், கடிந்துகொள்வதற்கு முன் ஒரு மாதம் குறித்து வையுங்கள். நாள், பிழை, அமர்ந்த இடம், சளி இருந்ததா என்ற நான்கு கட்டங்கள் போதும். பெற்றோர்களே, தொலைக்காட்சி ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் பிள்ளையின் பின்னால் நின்று, மெல்லிய குரலில் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். சளி பிடித்த வாரத்திலும் பிடிக்காத வாரத்திலும் அழைத்துப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால், ரோத்தானைத் தேட வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ரோத்தானைப் பற்றிய வாக்கியத்தில் 'வேண்டாம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். யாருக்கேனும் விடுபட்டிருந்தால், தயங்காமல் மீண்டும் கேளுங்கள்.

அன்புடன், உங்களில் ஓர் ஆசிரியை.